குண்டு எங்கே போய் நிற்கும்?

(இலுப்பூரில் ஒரு ஞாயிறு மாலை வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கிட்டத்தில் நிற்கும் மானுக்கு எந்தத் தோட்டா?" என்று அழைப்பிதழில் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, வாசலில் ஒரு பெரியவர் கேட்டார்: "ஏன் ஐயா, எங்கள் ஊர்ப் பிள்ளைகளை வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறீர்களா?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

இந்தியாவில் மானைச் சுடுவது குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைச் சொல்கிறது. அந்தச் சட்டம் வந்த நாளில் உரிமம் வாங்கிக்கொண்டு சில விலங்குகளைச் சுடலாம் என்ற ஏற்பாடு இருந்தது. 1991இல் வந்த திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. சொந்தப் பட்டாவில் மேய்ந்தாலும் மான் உங்கள் மான் ஆகிவிடாது. கையில் இருப்பது உரிமம் பெற்ற துப்பாக்கியே ஆனாலும் அதன்மேல் நீட்டக் கூடாது. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

பிறகு ஏன் தோட்டாவைப் பற்றிப் பேச வேண்டும்? இந்த வட்டாரம் துப்பாக்கி அறியாத வட்டாரம் இல்லை என்பதால்தான். வடக்கே திருச்சியில் 1966இல் நிறுவிய அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. கிழக்கே நார்த்தாமலையில் காவல் படையினர் சுட்டுப் பழகிய தளம் இருக்கிறது. புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் ஒலிம்பிக்கில் போய்ச் சுட்டுவிட்டு வந்திருக்கிறார். இவ்வளவுக்கும் நடுவில், முயலுக்கும் காட்டுப்பன்றிக்கும் என்று சொல்லி, உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் சில பரண்மேல் கிடக்கின்றன. துப்பாக்கி இத்தனை இருக்க, குண்டு என்ன செய்யும் என்ற அறிவை மட்டும் நாம் சினிமாவிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். சினிமாக் குண்டு கதாநாயகனின் தோளைத் தொட்டுவிட்டு மறைந்துவிடும். நிஜக் குண்டு மறையாது. எங்காவது போய்த்தான் நிற்கும். எங்கே நிற்கும் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன். நல்ல தோட்டா எது, கெட்ட தோட்டா எது என்பதற்கும் அதுதான் உரைகல்.

முதலில் பொருளைப் பார்ப்போம். தோட்டாவில் நான்கு உறுப்புகள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கிளப்பும் சிறு மூடி, உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. விசையை இழுத்தால் ஊசி அந்த மூடியைத் தட்டுகிறது, மருந்து எரிகிறது, எரிந்து வரும் வாயு குண்டைக் குழல் வழியே தள்ளுகிறது. ரைபிள் குழலின் உட்சுவரில் முறுக்கு முறுக்காகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். அதில் சிக்கிச் சுழன்றபடி வெளியே வருவதால்தான் குண்டு தடுமாறாமல் நேராகப் போகிறது. 12 போர் துப்பாக்கிக்கு இந்தப் பள்ளம் இல்லை. அதன் தோட்டாவுக்குள் ஈய ரவைகள் இருக்கும். குழலை விட்டதும் அவை பரவிக்கொண்டே போகும்.

குண்டின் வலிமையைக் கணக்கிடப் பள்ளிக்கூடத்துப் பாடமே போதும். எடையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்க வேண்டும். நம் ஊர்க் காவல் நிலையங்களில் பல காலம் சாத்தி வைத்திருந்த 'த்ரீ நாட் த்ரீ' ரைபிளின் குண்டு 11.3 கிராம். வெளியேறும் வேகம் நொடிக்கு 744 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் 3,100 ஜூலுக்கு மேல் வரும். எடையை இரட்டித்தால் ஆற்றல் இரண்டு மடங்கு; வேகத்தை இரட்டித்தால் நான்கு மடங்கு. இந்தக் கணக்கைப் படித்தவர்கள் எல்லோரும் வேகத்தின் பின்னால் ஓடினார்கள். நூறு வருடமாகத் தோட்டாக் கம்பெனிகள் விற்றுக்கொண்டிருப்பதும் வேகத்தைத்தான்.

ஆனால் மான் கணக்குப் புத்தகம் இல்லை. ஒரு மானை வலியில்லாமல் வீழ்த்துவது ஜூல் அல்ல; குண்டு எங்கே படுகிறது, உள்ளே போய் என்ன செய்கிறது என்பதுதான். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், விலாக்கூட்டுக்குள், இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறக்குறைய ஒரு சாண் அகலம். அங்கே அகலமான காயம் பட்டால் மூளைக்கு ரத்தம் போவது நின்று மான் சில நொடிகளில் விழும். அப்போதுகூட ஐம்பது அறுபது மீட்டர் ஓடிவிட்டு விழுவதுண்டு. வயிற்றிலோ தொடையிலோ பட்டால் எவ்வளவு பெரிய தோட்டாவாக இருந்தாலும் பயன் இல்லை. அந்த மான் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் புதருக்குள் கிடந்து சாகும்.

இங்கே வேட்டை இலக்கியத்தின் வினோதமான ஒரு முரணைச் சொல்ல வேண்டும். 1890களில் ஆங்கிலேய ராணுவம் வடமேற்கு எல்லையில் சண்டையிட்டபோது, புதிய 303 குண்டு ஆளை ஊடுருவிப் போய்விடுகிறது, எதிரி விழாமல் வந்துகொண்டே இருக்கிறான் என்று புகார் எழுந்தது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்ற இடத்திலிருந்த ஆயுதச் சாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே என்பவர், குண்டின் மூக்கில் உலோக உறையை நீக்கி ஈயத்தை வெளியே தெரியவிட்டார். அது உடலில் பட்டதும் மலர்ந்து விரிந்தது. உலகம் முழுக்க 'டம்டம் குண்டு' என்ற பெயர் பரவியது. 1899இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு, மனித உடலில் எளிதில் விரியும் குண்டைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. பிறகு ராணுவக் குண்டுக்கு மூக்கு வரை முழு உறை என்பது வழக்கமாயிற்று.

வேட்டைக்கு வந்தால் நியாயம் தலைகீழாகிறது. முழு உறைபோட்ட ராணுவக் குண்டு மானின் நெஞ்சுக்குள் பென்சில் பருமனுக்கு ஒரு துளை போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடலாம். மான் ஓடிவிடும், வேட்டைக்காரன் 'தவறிவிட்டது' என்று நினைத்துத் திரும்பிவிடுவான், மான் எங்கோ போய் மெதுவாகச் சாகும். ஆகவேதான் இங்கிலாந்தின் 1991ஆம் வருட மான் சட்டம், மானைச் சுடும் குண்டு மென்மூக்கோ குழிமூக்கோ உடையதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. குழலின் விட்டம் 0.240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 2,300 ஜூலுக்குக் குறையக் கூடாது என்றும் சொன்னது. சிறு வகை மான்களுக்கு மட்டும் விலக்கு. போரில் எது கொடுமையோ அது வேட்டையில் கருணை. இரண்டு சட்டமும் சரியானவை. போரில் எதிரியைச் செயலிழக்கச் செய்தால் போதும். வேட்டையில் உயிரை இழுத்தடிக்காமல் முடித்தாக வேண்டும்.

இனி அழைப்பிதழில் உள்ள 'கிட்டத்து'க்கு வருகிறேன். இமயமலைச் சரிவிலோ ஆப்பிரிக்கப் புல்வெளியிலோ இருநூறு முந்நூறு மீட்டர் தூரத்தில் விலங்கு தெரியும். நம் பக்கத்து முள்ளுக்காட்டில், சீமைக்கருவேலுக்கும் தைலமரத்துக்கும் இடையில், நாற்பது ஐம்பது மீட்டரில் மான் கண்ணில் படும். அடுத்த நொடி மறைந்துவிடும். இவ்வளவு கிட்டம் என்றால் எந்தத் தோட்டாவும் போதும் என்றுதான் தோன்றும். உண்மையில் கிட்டம்தான் வேகத்தை நம்பியவனை ஏமாற்றும் இடம். தூரம் போகப் போகக் காற்று குண்டின் வேகத்தைத் தின்றுவிடும். தூரத்து இலக்குக்கென்று செய்த மெல்லுறை இலேசுக் குண்டு, அந்தக் குறைந்த வேகத்தில் பட்டு விரியும்படி அமைந்தது. அதையே நாற்பது மீட்டரில் சுட்டால் வேகம் முழுவதும் மிச்சமிருக்க, தோள் எலும்பில் பட்ட மாத்திரத்தில் ஓட்டுக் கூரையில் எறிந்த மண்ணாங்கட்டி போல உடைந்து சிதறும். மேலே சதை கிழிந்து கோரமாகத் தெரியும். உள்ளே நுரையீரல் வரை எதுவும் போயிருக்காது.

ஆகவே கிட்டத்துக்கு ஏற்றது கனமான குண்டு, நடுத்தர வேகம், விரிந்தாலும் உடையாத கட்டுமானம். அமெரிக்காவில் 1895இல் வந்த 'தர்ட்டி-தர்ட்டி' வின்செஸ்டர் தோட்டா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புகையில்லா மருந்துக்கென்று அங்கே வேட்டைக்காரர்களுக்காகச் செய்த முதல் தோட்டாக்களில் அது ஒன்று. குண்டு 11 கிராம், வேகம் நொடிக்கு 670 மீட்டர் அளவு. இன்றைய தோட்டாக்களோடு ஒப்பிட்டால் மந்தம்தான். ஆனாலும் அடர்காட்டில் மான் சுடுபவர்கள் 125 வருடத்துக்கு மேலாக அதை விடவில்லை. அதன் குண்டுக்கு மூக்கு தட்டையாக இருக்கும். காரணம் வேடிக்கையானது: அந்த ரைபிளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் உள்ள குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் உள்ள குண்டின் மூக்கு முன்னால் உள்ள தோட்டாவின் அடிமூடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூர்மூக்காக இருந்தால், ஒரு குலுக்கலில் அது ஊசிபோல் தட்டிக் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடும். பாதுகாப்புக்காகத் தட்டையாக்கினார்கள். அந்தத் தட்டை மூக்கே கிட்டத்து வேட்டைக்கும் தோதாக அமைந்துவிட்டது.

இதோடு ஒட்டிய ஒரு கட்டுக்கதையும் உண்டு. கனமான குண்டு புதரை உடைத்துக்கொண்டு போய் மானைத் தாக்கும் என்பார்கள். சுள்ளிகளை வரிசையாக நட்டு வைத்துச் சுட்டுப் பார்த்தவர்கள் கண்டது வேறு. எந்தக் குண்டும் சுள்ளியில் பட்டால் திரும்பும். கனமானது கொஞ்சம் குறைவாகத் திரும்பலாம். எப்படித் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. புதர் வழியே சுடாதே என்பதுதான் உலகம் முழுக்க வேட்டைப் பயிற்சியில் சொல்லித்தரும் பாடம். இலக்கு முழுதாகத் தெரியாவிட்டால் விரலை விசைக்குக் கொண்டுபோகக் கூடாது.

நம் நாட்டில் தோட்டாவைத் தேர்ந்தெடுத்தவன் வேட்டைக்காரன் மட்டும் அல்ல; அரசாங்கத்தின் பயமும்தான் தேர்ந்தெடுத்தது. ராணுவம் வைத்திருக்கும் அளவுத் தோட்டா பொதுமக்களிடம் போனால், நாளை கலகக்காரன் கைக்குப் போய்விடும் என்று ஆங்கிலேயர் அஞ்சினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 450 அளவுத் தோட்டாவுக்கு இந்தியாவில் தடை போட்டார்கள். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் 465, 470 என்று எண்ணை மாற்றிப் புதுத் தோட்டாக்களைச் செய்தன. ராணுவத்தின் 303 பொதுமக்களுக்கு இல்லை என்றான பிறகு, 315 அளவு ரைபிள் வந்தது; சுதந்திரத்துக்குப் பிறகும் நம் அரசுத் தொழிற்சாலைகள் அதைச் செய்து விற்றன. இன்றும் உரிமப் புத்தகத்தில் தடைசெய்யப்பட்ட அளவு, தடைசெய்யப்படாத அளவு என்று இரண்டு பிரிவு இருப்பது அந்தக் காலத்து பயத்தின் மிச்சம்.

வேட்டைக் கதை படித்தவர்களுக்கு இரண்டு பெயர்கள் நினைவுக்கு வரும். ஒருவர் ஜிம் கார்பெட். 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக அவருக்கு ஒரு 275 ரிக்பி ரைபிள் பரிசாகக் கிடைத்தது. 1926இல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையை வீழ்த்தியதும் அந்த ரைபிளால்தான். அளவில் சிறிய தோட்டாதான்; ஆனால் ஆழமாகப் போகும். மற்றவர் கென்னத் ஆண்டர்சன். பெங்களூர்க்காரர், நம் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காடுகளில் நடந்தவர். அவர் கையில் இருந்தது 405 வின்செஸ்டர். குண்டு 19 கிராமுக்கு மேல். வேகம் ஏறக்குறைய தர்ட்டி-தர்ட்டியின் வேகமேதான். ஒருவர் சிறியதை எடுத்தார், ஒருவர் பெரியதை எடுத்தார். இருவருக்கும் பொதுவானது ஒன்று: கிட்டே போனார்கள், பொறுத்திருந்தார்கள், காயம்பட்ட விலங்கை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது என்று கொள்கை வைத்திருந்தார்கள். கார்பெட் பிற்காலத்தில் துப்பாக்கியைக் குறைத்துக்கொண்டு கேமராவை எடுத்துக்கொண்டார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நம் தமிழ் மண்ணில் வேட்டைக்கு ஒழுங்கு கொண்டுவந்த முதல் முயற்சிகளில் ஒன்று நீலகிரியில் நடந்தது. 1879இல் நீலகிரி விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்த மாதத்தில் சுடலாம், யார் சுடலாம் என்று உரிமமும் பருவமும் வகுத்தார்கள். துரைமார்கள் தங்கள் விளையாட்டு தீர்ந்துபோகக் கூடாது என்பதற்காகச் செய்ததுதான். அதற்குள் தேவையான அளவு சுட்டுத் தள்ளிவிட்டிருந்தார்கள். நம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலும் அரசரின் வேட்டைக்கென்று ஒதுக்கிய காடுகள் இருந்தன. அந்த ஒதுக்கீட்டினால் சில காடுகள் பிழைத்தன என்பதும், அந்தக் காட்டில் விறகு பொறுக்கிய குடியானவனுக்கு அடி விழுந்தது என்பதும் ஒரே வரலாற்றின் இரண்டு பக்கம்.

1972 சட்டத்தின் பழைய வடிவத்தில் 17ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. வேட்டைக்கு உரிமம் கொடுத்த காலத்தில் எப்படிச் சுடலாம் என்று அது சொன்னது. வண்டியில் இருந்துகொண்டு சுடக் கூடாது. சூரியன் மறைந்த பிறகு சுடக் கூடாது. விளக்கு அடித்துக் கண்ணைக் கூசவைத்துச் சுடக் கூடாது. தண்ணீர் குடிக்க வரும் இடத்தில் காத்திருந்து சுடக் கூடாது. பெரிய விலங்கை ரைபிளால்தான் சுட வேண்டும். 12 போர் பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும், அதிலும் ஒற்றைக் குண்டுத் தோட்டாதான் போட வேண்டும், ரவை கூடாது. இந்தப் பிரிவு இன்று சட்டத்தில் இல்லை. வேட்டையே இல்லாதபோது விதி எதற்கு என்று எடுத்துவிட்டார்கள். ஆனால் அதை எழுதியவர்களுக்குத் தோட்டா என்ன செய்யும் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ரவை ஏன் கூடாது? எல்.ஜி., எஸ்.ஜி. என்று சொல்கிற பெரிய ரவைத் தோட்டாவைச் சுட்டால், முப்பது மீட்டருக்குள் ரவைகள் ஒன்றாகப் போகும். அதைத் தாண்டினால் பரவிவிடும். ஒன்று காலில், ஒன்று குடலில், ஒன்று தாடையில். ஒவ்வொரு ரவைக்கும் தனியாக வலு குறைவு. மான் விழாது, காயத்தோடு போகும்.

இதைவிட மோசம் நாட்டுத் துப்பாக்கி. இங்கே உட்கார்ந்திருக்கும் சிலர் அதைக் கெட்டிக்கும் விதத்தைச் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். குழாயின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரோ துணியோ வைத்துக் கம்பியால் இடித்து, அதன்மேல் பால்ரஸ் குண்டோ ஆணித்துண்டோ போட்டு, மறுபடி அடைத்து இடிப்பார்கள். மருந்து எவ்வளவு என்பது கை அளவு. குழாயோ தண்ணீர்க் குழாய். எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று செய்தவனுக்கும் தெரியாது. குழலில் முறுக்குப் பள்ளம் இல்லை. பால்ரஸ் உருண்டை எஃகு, விரியாது. கல்லில் பட்டால் ஈயம்போல் நசுங்காமல் தெறித்துத் திசை மாறும். நான் இதுவரை சொன்ன ஒவ்வொரு அளவுகோலையும் எடுத்துப் பாருங்கள்: குறி, ஆழம், விரிவு, நிற்கும் இடம். ஒன்றில்கூட அது தேறாது. சுட்டவன் முகத்திலேயே வெடிப்பதும் உண்டு. இதை ஒருவன் வீரம் என்று நினைத்தால் அது அறியாமை.

உலகத்தில் இன்று புள்ளிமானைச் சட்டப்படி சுடும் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. நம் புள்ளிமான் கடல் கடந்து போயிருக்கிறது. 1868இல் ஹாங்காங்கிலிருந்து ஹவாய் அரசருக்குப் பரிசாகச் சில புள்ளிமான்கள் போயின. 1886இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மேரிவேல் பண்ணையில் சிலவற்றை விட்டார்கள். அந்தமானிலும் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டதுதான். புலியும் செந்நாயும் இல்லாத மண்ணில் அவை பெருகி, அந்த ஊர்ச் செடிகொடியை மேய்ந்து தீர்த்தன. ஆகவே ஹவாயிலும் குயின்ஸ்லாந்திலும் அதைச் சுடச் சொல்கிறார்கள். அங்கே சுடுபவன் 308 அல்லது அதை ஒத்த தோட்டாவையும் மென்மூக்குக் குண்டையும் எடுத்துக்கொள்கிறான். சுடும் திசையில் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்க்கிறான். சில இடங்களில் ஈயத்துக்குப் பதில் செம்புக் குண்டு கேட்கிறார்கள். விரியும் ஈயத்தின் பொடி இறைச்சியில் தங்கிவிடுகிறது. சடலத்தைத் தின்னும் கழுகுக்கும் விஷமாகிறது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. இங்கே விரட்டுவதற்குப் புலி இல்லாத ஊரிலும் மான் நம் மண்ணுக்குச் சொந்தமானது. அங்கே அது வேற்றாள். ஹவாயில் சரியானதை இலுப்பூரில் செய்தால் அது குற்றம்.

பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்க்கிறான் என்றேனே, இந்தப் பேச்சின் மையம் அதுதான். குருவி சுடும் அளவுக்குச் சின்னது என்று நினைக்கும் 22 தோட்டாவின் பெட்டியைப் பாருங்கள். ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சிட்டிருப்பார்கள். 308 போன்ற ரைபிள் குண்டு மேல்நோக்கிப் போனால் மூன்று கிலோமீட்டரைத் தாண்டும். மான் நாற்பது மீட்டரில் நிற்கலாம். குறி தவறினால் குண்டு நாற்பது மீட்டரில் நிற்காது. இலுப்பூரின் நடுவில் நின்று மூன்று கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். எத்தனை தெரு, எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை வயல்வெளி அதற்குள் வருகிறது! நம் மாவட்டம் காட்டுக்குள் ஊர் இருக்கும் மாவட்டம் அல்ல. ஊர்களுக்கு நடுவில் காட்டுத் துண்டுகள் இருக்கும் மாவட்டம்.

இதை நான் ஏட்டிலிருந்து சொல்லவில்லை. 2021 டிசம்பர் 30ஆம் தேதி நார்த்தாமலைப் பக்கத்துச் சுடும் தளத்தில் பயிற்சி நடந்த வேளையில், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையன் ஒருவனின் தலையில் குண்டு பாய்ந்தது. புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 2022 ஜனவரி 3ஆம் தேதி அவன் இறந்துபோனான். அது பயிற்சி பெற்றவர்கள், குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட திசையில் சுடும் தளம். அங்கேயே ஒரு குண்டு வழி தவறி ஒரு வீட்டுக்குள் போய் நின்றது. அப்படியிருக்க, ராத்திரியில் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு, புதருக்குள் மினுங்கும் கண்ணைப் பார்த்துச் சுடுபவன் குண்டு எங்கே போய் நிற்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? மினுங்கியது மானின் கண்ணா, வயலுக்குக் காவலுக்குப் போன ஆளின் கைவிளக்கா என்பதே தெரியாதே.

"எல்லாம் சரி ஐயா, கடலையைக் காட்டுப்பன்றி தோண்டிவிடுகிறதே, நாங்கள் என்ன செய்வது?" என்று விவசாயிகள் கேட்பது எனக்குத் தெரியும். அது உண்மையான கஷ்டம். அதைக் கொச்சைப்படுத்த மாட்டேன். 2025 ஜனவரியில் தமிழக அரசு இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழித்தால் சுடலாம். ஆனால் சுடுபவர் பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியராக இருக்க வேண்டும். விவசாயியும் சுடக் கூடாது, அவர் வைத்த கூலி ஆளும் சுடக் கூடாது. இந்த ஏற்பாடு பன்றிக்கு மட்டும், மானுக்கு இல்லை. ஏற்பாட்டின் வேகம் போதாது, மனு கொடுத்தால் ஆள் வருவதற்குள் கடலை தீர்ந்துவிடுகிறது என்று நீங்கள் குறை சொன்னால், அதை ஊராட்சிக் கூட்டத்தில் சொல்லுங்கள், தீர்மானம் போடுங்கள், நானும் வந்து கையெழுத்துப் போடுகிறேன். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போவது அதற்குப் பதில் ஆகாது.

குறி பார்க்கும் ஆசை மட்டும் தப்பு இல்லை. அது நம் ரத்தத்தில் இருக்கிறது. விஜயதசமிக்குச் சாமி குதிரை வாகனத்தில் வந்து அம்பு போடுவதைப் பார்க்க இன்றும் கூட்டம் கூடுகிறது. அந்த ஆசைக்கு நேரான வழி ஒன்று நம் மாவட்டத்துக்காரரே காட்டியிருக்கிறார். திருச்சி முன்னாள் மேயர் சாருபாலா தொண்டைமானின் மகன் பிரித்விராஜ் தொண்டைமான் 'டிராப்' சுடும் வீரர். 2023 மார்ச்சில் தோகா உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார். அதே வருடம் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கைனன் செனாய், சொராவர் சிங் சந்துவோடு சேர்ந்து அணித் தங்கம். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடினார். டிராப்பில் இலக்கு 11 சென்டிமீட்டர் களிமண் தட்டு. பள்ளத்திலிருந்து பாய்ந்து வெளியேறி, கண்ணிமைப்பதற்குள் தூரம் போய்விடும். 12 போர் தோட்டாவில் 24 கிராம் ரவைதான். அதற்குமேல் விதி இடம் கொடுக்காது. அந்தச் சின்ன ரவை எவ்வளவு முயன்றாலும் இருநூறு மீட்டருக்குமேல் போவது அரிது. அந்தத் தூரம் முழுவதையும் ஆளில்லாமல் அடைத்துவிட்டுத்தான் போட்டி நடத்துகிறார்கள். சுட்ட ரவை எங்கே விழும் என்பது சுடுவதற்கு முன்பே தெரிந்த விளையாட்டு அது. என் கணக்கில் அதுதான் நாகரிகம்.

முடிக்கிறேன். கிட்டத்து மானுக்கு ஏற்ற தோட்டா எது என்று கேட்டால் உலகத்துக்கான விடை: கனமான, மென்மூக்குள்ள, நடுத்தர வேகக் குண்டு, தெளிவான இலக்கு, பின்னால் மண்மேடு, காயம்பட்டதைத் தேடிப் போகும் பொறுப்பு. புதுக்கோட்டை மாவட்டத்துக்கான விடை அதைவிடச் சுருக்கம்: எந்தத் தோட்டாவும் இல்லை. கோடையில் தண்ணீர் தேடி ஊருக்குள் வரும் மானை நாய் கடித்துவிட்டாலோ, அது கிணற்றில் விழுந்துவிட்டாலோ, வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை கூட்டம் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பயத்தினாலேயே அது செத்துவிடும். உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியாகப் பூட்டி வையுங்கள். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வீட்டுப் பரணில் கிடந்தால், அது தாத்தா காலத்துச் சொத்தாகவே இருக்கட்டும், ஒரு வக்கீலையோ ஊர்ப் பெரியவரையோ கூட வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள். பேரப்பிள்ளை கைக்குப் போகும்வரை காத்திருக்காதீர்கள்.